வாதியின் படத்தில் மாலை

வெளியூர்க் கம்பெனிகள் எங்கள் பக்கம் சூரிய மின்சாரம் எடுக்க வந்தால் முதலில் வெயிலை அளப்பார்கள். அதில் ஒருநாளும் குறை வந்ததில்லை. அடுத்து என்னைத் தேடிப் பாளையங்கோட்டைக்கு வருவார்கள். நிலத்தில் வில்லங்கம் உண்டா என்று பார்த்துச் சொல்கிற வக்கீல் நான். நான் கையெழுத்துப் போட்டால்தான் பேங்க் கடன் கொடுக்கும். 

முக்கூடலைத் தாண்டி ஒரு செவல் காடு, செம்மண் மானாவாரி நிலம். அதை லீஸுக்குக் கொடுக்க அண்ணன் தம்பி இருவர் ஒப்புக்கொண்டிருந்தார்கள். தாய் தகப்பன் இல்லை. பட்டாவும் வாரிசுச் சான்றும் சரியாக இருந்தன. ஆனாலும் வீட்டை நேரில் பார்க்காமல் நான் எழுதிக் கொடுப்பதில்லை. போனேன். முன்னறைச் சுவரில் பெற்றோர் படங்களுக்குப் பக்கத்தில் ஒரு இளம்பெண்ணின் படம் இருந்தது. மூன்றுக்கும் பிளாஸ்டிக் மாலை, சிவப்பு பல்பு.

"தங்கச்சி. கல்யாணத்துக்கு முன்னாலயே போயிட்டா" என்றார் மூத்தவர்.

டீக்கடையிலும் பக்கத்து வீட்டிலும் விசாரித்தேன். பாவம், வயசுப்பிள்ளை என்றார்கள். பதினாறாம் நாள் ஊருக்கே சோறு போட்டதையும், அன்றைக்கு அவியல் நன்றாக இருந்ததையும் சொன்னார்கள். மாலை தொங்குகிற வீட்டில் நின்றுகொண்டு சாவுக்குச் சான்றிதழ் கேட்க எங்கள் ஊரில் யாருக்கும் நாக்கு வராது. பெண் வாரிசு இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். கம்பெனி வேலி போட்டது, லாரியில் சோலார் தகடுகள் வந்து இறங்கின.

பிறகு அந்தச் செத்த பெண் கோர்ட்டில் வழக்குப் போட்டாள். அப்பா சொத்தில் பங்கு கேட்டு ஸ்டேயும் வாங்கிவிட்டாள். வேலை நின்றது. ஏதோ பிராடு என்றுதான் நினைத்தேன். கோர்ட்டு வராந்தாவில் ஆளை நேரில் பார்த்தேன். சுவரில் பார்த்த அதே முகம், கொஞ்சம் சதை போட்டிருந்தது.

பிடிக்காத இடத்தில் கல்யாணம் செய்துகொண்ட மகளைத் தலைமுழுகுவது எங்கள் பக்கம் உண்டு. வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு ஆற்றில் ஒரு முங்கு போடுவதோடு நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன். இவர்கள் மொட்டையடித்து, எள்ளும் தண்ணீரும் இறைத்து, படம் மாட்டி, பந்தி போட்டு முழுசாக முடித்திருக்கிறார்கள். சாப்பிட்ட ஊரும் அதற்குப் பிறகு அவளைச் செத்தவளாகவே பேசிப் பழகிவிட்டது. என்னிடம் பொய் சொல்கிறோம் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவளே என் பக்கத்தில் வந்தாள். "கம்பெனி வக்கீல் நீங்கதானக்கா? எங்க வீட்டுக்குப் போனியளாமே. எம் படத்துக்குப் பூமாலையா, பிளாஸ்டிக்கா?"

"பிளாஸ்டிக்."

"அப்படித்தான். செத்த அன்னைக்கும் திதிக்கும் மட்டுந்தான் எங்க வீட்டுல பூ." சிரித்தாள். "பங்கு கெடக்கட்டும்க்கா. நான் உசிரோட இருக்கேன்னு கோர்ட்டு எழுதித் தரணும். அது போதும்."

கம்பெனி அதிகாரி புனேயிலிருந்து மெயில் அனுப்பினார்: வாதி உயிருடன் இருக்கிறாரா, இல்லையா? உறுதிப்படுத்தவும். இருக்கிறார், என்னோடு பேசினார் என்று பதில் போட்டேன். அப்படியானால் சமாதானமாகப் போய்விடலாம், அவருக்கு உரியதைக் கொடுத்துவிடலாம், எல்லோரும் ஒரே நாளில் கோர்ட்டுக்கு வந்து கையெழுத்துப் போடட்டும் என்றார். நியாயமான பேச்சுதான். அவளும் சம்மதித்தாள்.

மறுநாள் மூத்தவர் என் ஆபீசுக்கு வந்தார். கையில் ஒரு கட்டுப் பனங்கிழங்கு. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"எள்ளுந்தண்ணியும் எறச்சாச்சு வக்கீலம்மா. ஊருக்குச் சோறு போட்டாச்சு" என்றார். "இனி அவ உசிரோட வந்து நின்னா நாங்கல்லா பொய்யனுவ ஆயிருவோம்."

"சட்டப்படி அவங்களுக்கும் பங்கு உண்டு."

"நான் இல்லைன்னா சொல்லுதேன்? பைய வரட்டும். எந்த ஊருல இருந்து வாரா?"

தெரியாது என்றேன். நிஜமாகவே எனக்குத் தெரியாது. கிழங்கை மேஜைமேல் வைத்துவிட்டுக் கும்பிட்டுப் போனார். அதை வீட்டுக்குக் கொண்டுபோக எனக்கு மனசு வரவில்லை.

அந்தப் பெண்ணை நேரில் வரவழைக்க வேண்டாம், வீடியோவில் வைத்துக்கொள்ளக் கேட்போம் என்று புனேக்குப் போன் போட்டேன். "மேடம், பேங்க் காத்திருக்கிறது. குடும்பத் தகராறு நம் வேலையில் சேராது" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டேன்.

கோர்ட்டுக்கு முந்தின நாள், சமாதான மனுவில் அண்ணன் தம்பியின் கையெழுத்தை வாங்க முக்கூடல் தாண்டிப் போனேன். இளையவர் மட்டும் இருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் சுவரைப் பார்த்தேன். பெற்றோர் படங்களில் தூசி படிந்த அதே பிளாஸ்டிக் மாலைகள். அவள் படத்தில் மட்டும் சம்பங்கிப் பூமாலை, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணன் எங்க?"

"தங்கச்சியக் கூப்பிடப் போயிருக்காவ."

வெளியே ஓடிவந்து அவளுடைய வக்கீலுக்குப் போன் போட்டு அவள் நம்பரை வாங்கினேன். எதிர்த்தரப்புக் கட்சிக்காரியோடு நான் நேரடியாகப் பேசக் கூடாது. அதெல்லாம் அப்போது யாருக்கு நினைவிருந்தது?

எடுத்ததும் சிரித்தாள். பின்னால் பஸ் சத்தம். "அக்கா, அண்ணன் போன் பண்ணுனாவ! என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாவக்கா. வக்கீல்ட்ட சொல்லாத, நானே வந்து கூட்டிட்டுப் போறேன்னாவ. பஸ் ஸ்டாண்டுல நிக்கேன்."

எனக்குச் சுற்றி வளைத்துச் சொல்ல வரவில்லை. "உன் படத்துல பூமாலை போட்டிருக்கு" என்றேன்.



"அம்மா அப்பாவுக்கு?"

"பிளாஸ்டிக். எந்த பஸ்ஸா இருந்தாலும் ஏறும்மா. இப்பவே ஏறு."

"அந்தா அண்ணன் நிக்காவ" என்றாள். "கையாட்டுதாவ." அதோடு போன் நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப அடித்தேன், சுவிட்ச் ஆஃப் என்று வந்தது. அவளுடைய வக்கீல் தனக்குத் தெரிந்த எல்லோருக்கும் போன் போட்டார். இரண்டுபேருமாகப் போலீசில் எழுதிக் கொடுத்தோம். பிள்ளை ஊரை விட்டுப் போயிருக்கும், பயப்படாதீங்க என்றார்கள். பஸ் ஏறியிருப்பாள் என்றுதான் நானும் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் அண்ணன் தம்பி இருவரும் சலவை வேட்டியில் கோர்ட்டுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் எனக்குக் கும்பிடு போட்டார். அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அடுத்த வாய்தாவிலும் கூப்பிட்டார்கள். கடைசியில் வாதி ஆஜராகவில்லை என்று வழக்கு தள்ளுபடியானது, ஸ்டேயும் போனது. இப்போது அந்தச் செவல் காடு முழுக்கத் தகடு மின்னுகிறது.

புனேயிலிருந்து எனக்குப் பாராட்டு வந்தது. கூடவே, ஃபைலை மூட ஒரே ஒரு வரி கேட்டிருந்தார்கள்: வாதி உயிருடன் இருக்கிறாரா, இல்லையா? உறுதிப்படுத்தவும்.

அந்த வரியை நான் இன்னும் எழுதவில்லை.