கேட்டுக்குள் நின்ற வேன்

கையெழுத்தும் எழுத்துப் பிழையும் மோசமாக இருக்கும், மன்னிக்கவும். ஐந்தாவது வரைதான் படித்தேன்.

மேடவாக்கத்தில் தண்ணீர் லாரி ஓட்டுகிறேன். என் மனைவி ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டு வேலை செய்தாள். போன வருடம் அங்கே மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை வேன் வந்தது. மார்பில் கட்டி இருந்ததால் அவளும் வரிசையில் நின்றாள். "இங்க குடியிருக்கிறவங்களுக்கு மட்டும்தாம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு பெரியாஸ்பத்திரிக்கு அலைந்து அலைந்து, கடைசியில் ஒரு மார்பை எடுக்க வேண்டியதாயிற்று.

ஏழைப் பெண்கள் ஏன் தாமதமாக வருகிறார்கள் என்று ஆராய ஒரு குழு எங்கள் தெருவுக்கு வந்தது. டாக்டர் ஒருவரும் வேறு படிப்புப் படித்தவர்களும் இருந்தார்கள்.

"கட்டி இருக்குன்னு தெரிஞ்சும் ஏம்மா சும்மா இருந்தீங்க?" என்றார் டாக்டர்.

மனைவி தலை குனிந்தாள். நான் யாரையும் எதிர்த்துப் பேசியதே இல்லை. அன்று எழுந்து முன்னால் வந்தேன்.

"அவ சும்மா இல்ல சார். வேன் வாசல்ல நின்னுகினு இருந்தா, தொரத்திட்டாங்க. அந்த வூட்டு எச்சித் தட்டக் கழுவலாம், வேன்ல ஏறக் கூடாதா?"

"யோவ், உனக்குப் பேச வருமா?" என்றாள் மனைவி.

குழுவிலிருந்த ஒரு பெண், "அக்கா, வேன் இந்தத் தெருவுக்கே வரும்" என்றாள்.

இன்று வந்தது. மனைவி வீடு வீடாகப் போய்ப் பெண்களை அழைத்து வந்தாள். எல்லோரும் ஏறினார்கள். அவள் கீழேயே நின்றாள். என் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

ஆடி 18.