பாதி வீராயி

புதுச்சேரி நெல்லித்தோப்பில் ஹாதியைத் தெரியாதவர்கள் உண்டு. வீராயியைத் தெரியாத பையன் ஒருத்தன்கூடக் கிடையாது. வீராயி ஒரு கம்ப்யூட்டர்.

பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் பழைய சிப்பாயை ஊரில் சொல்தா என்பார்கள். அப்படி ஒரு சொல்தா வீட்டு மாடியில் ஜானகிராமன் பிரௌசிங் சென்டர் போட்டார். சிஸ்டங்களுக்கு நம்பர் கொடுத்தால் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கிறது என்று சொல்லி, தன் சித்தி, பெரியம்மா, அத்தை பெயர்களையெல்லாம் எழுதி ஒட்டினார். வசந்தா சீக்கிரம் சூடாவாள். கமலா பாதியில் தூங்கிவிடுவாள். வீராயி மட்டும் எவ்வளவு அடித்தாலும் அசராமல் ஓடுவாள். கவுன்டர் ஸ்ட்ரைக் என்கிற துப்பாக்கி விளையாட்டு ஆட வருகிறவன் எந்த சிஸ்டத்தில் உட்கார்கிறானோ அதுதான் அவன் பெயர். மீசை முளைத்த பசங்கள் "கமலா செத்துட்டாடா, வசந்தா நீ பின்னாடி வா!" என்று மாடியில் கத்த, கீழே இருந்த சொல்தா தொடக்கத்தில் போலீசைக் கூப்பிடப் பார்த்தாராம்.

ஹாதியின் அத்தா அப்துல் முத்தலிப்புக்கு மார்க்கெட் பக்கம் மெத்தைக் கடை. ப்ளஸ் டூவில் கணக்குப் பாடம் ஹாதியைக் கைவிட்டது. அவன் அதற்கு வெகு காலம் முன்பே கணக்கைக் கைவிட்டிருந்தான். அன்றிலிருந்து கடையில் பஞ்சு அடைக்கிற வேலை. புருவம், மீசை எல்லாம் வெளுத்து வீட்டுக்குப் போனால் அக்கா இஷ்ரத், "வாங்க பெரியவரே, பேரப் புள்ளைங்கள்லாம் சௌக்கியமா?" என்பாள்.

சாயங்காலம் ஆனால் ஹாதி சொல்தா வீட்டு மாடியில் இருப்பான். அங்கே அவன் செய்யாத சேட்டை இல்லை. எதிர் டீம்காரனின் மவுஸைக் கவிழ்த்து, உருண்டையைக் கழற்றிவிட்டு கோலிக்குண்டைப் போட்டு மூடுவான். அவன் துப்பாக்கி கிழக்கே சுட்டால் மேற்கே போகும். அதே ஹாதி, புதிதாக ஆட வந்த சின்னப் பசங்கள் விடாமல் செத்துக்கொண்டிருந்தால், வேண்டுமென்றே அவர்கள் முன்னால் போய் நின்று ஒருமுறை சாவான். "கை வழுக்கிடுச்சிடா" என்பான். அவன் கை எங்கேயும் வழுக்காது என்று தெரிந்தவன் பிரேம்குமார் ஒருத்தன்தான்.

பிரேம்குமார் உழவர்கரை பக்கம் விவசாயக் குடும்பம். நிலம் சுருங்கிப்போனதால் மேட்டுப்பாளையத்தில் பிளாஸ்டிக் குடம் செய்கிற கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குப் போனான். இரண்டு பேருக்கும் வீராயிதான் வேண்டும். முதலில் அதற்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு ஒரு வழி பிறந்தது.

இந்த விளையாட்டில் ஒரு கூட்டம் குண்டு வைக்கப் போகும், இன்னொரு கூட்டம் காவல் காக்கும். பாதி ஆட்டம் முடிந்ததும் பக்கம் மாறும். ஹாதிக்குக் காவல் கைவந்த கலை. வாடிக்கையாளர் வரும்வரை கல்லாப்பெட்டி ஓரத்தில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து பழகியவன். ஒரு மூலையில் நின்றான் என்றால் எறும்பு நகர்ந்தாலும் கேட்கும். பிரேமுக்கு நிற்கவே தெரியாது. சூப்பர்வைசர் மேல் இருந்த கோபத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு எதிரி வாசலுக்குள் விழுவான். ஆகவே காவல் பாதிக்கு ஹாதி, தாக்குகிற பாதிக்கு பிரேம். நடுவில் ஒருத்தன் எழுந்துகொள்வான், சூடு ஆறுவதற்குள் அதே நாற்காலியில் இன்னொருத்தன் உட்காருவான். கடலூர், விழுப்புரம், சென்னை என்று எங்கே போட்டிக்குப் போனாலும் இப்படித்தான். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. பெயர் ஒன்று, நாற்காலி ஒன்று, அப்புறம் என்ன?

இரண்டாயிரத்து ஏழில் ஊர் ஊராகப் போட்டி நடத்தும் பெரிய லீகுகள் வந்தன. சென்னையிலிருந்து கோரமண்டல் லீக், பெங்களூரிலிருந்து டெக்கான் லீக். இரண்டையும் நெல்லித்தோப்பு பசங்கள் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்கள். இந்த மாதம் இது, அடுத்த மாதம் அது என்று ஆடினார்கள். அக்கா இஷ்ரத்தின் நிக்காஹ் வந்தபோது ஹாதி பிரியாணி அண்டா பக்கம் மாட்டிக்கொள்ள, பெங்களூர் போட்டிக்கு பிரேம் மட்டும் வேறொரு டீமில் ஒட்டிக்கொண்டு போய்வந்தான். அப்போது அது ஒரு விஷயமாகவே படவில்லை.

அடுத்த வருஷம் கோரமண்டல் லீக் வெளிநாட்டு லீக் ஒன்றோடு கைகோத்தது. டெக்கான் லீக் சும்மா இருக்குமா, அது இன்னொன்றோடு. இந்தப் பக்கம் ஆடுகிறவன் அந்தப் பக்கம் உட்காரக் கூடாது. கழுத்தில் போட்டோ அட்டை தொங்க வேண்டும். ஒரு பெயருக்கு ஒரு ஆள். கதவைச் சாத்தியபோது யார் எந்தப் பக்கம் நின்றார்களோ அந்தப் பக்கம்தான். ஹாதியும் டீமும் சென்டரும் கோரமண்டலில் நின்றார்கள். பிரேம், கடைசியாக ஆடிய பெங்களூர் ஆட்டத்தால், டெக்கானில் நின்றான்.

கோரமண்டல் லீகின் கோஆர்டினேட்டர் இளஞ்செழியன் சென்டருக்கு வந்து இதையெல்லாம் விளக்கினான். அவனும் சின்னப் பையன்தான். டை மட்டும் பெரியது.

"இன்னா தம்பி இது? போன மாசம் வரைக்கும் ரெண்டு பேரும் ஒரே சேர்ல மாறி மாறி உக்காந்தானுங்க" என்றார் ஜானகிராமன்.

"அது அப்ப சார். இப்ப எக்ஸ்க்ளூசிவ் பார்ட்னர்ஷிப். எங்க பிளேயர் எங்களுக்கு மட்டும், அவங்க பிளேயர் அவங்களுக்கு மட்டும்."

"கம்பெனியும் கம்பெனியும் கல்யாணம் பண்ணிக்கினா எங்க பசங்களுக்கு எதுக்குய்யா டைவர்ஸ்?"

இளஞ்செழியன் சிரித்துவிட்டான். அப்புறம் டையைச் சரிசெய்துகொண்டு, "எனக்கும் வேலை சார்" என்று முணுமுணுத்தான்.

இதற்கு நடுவில் டெக்கான் பக்கத்திலிருந்து பிரேமுக்கு அழைப்பு வந்தது. பெங்களூரில் தங்க ரூம், சாப்பாடு, மாதச் சம்பளம், வேலை என்றால் விளையாட்டுதான். பிரேம் குடக் கம்பெனியில் சூப்பர்வைசரிடம் மனசில் இருந்ததையெல்லாம் சொல்லிவிட்டு வெளியே வந்தான். அவன் அம்மா அமுதவல்லி தெரு முழுக்க, "எம்புள்ளைக்கு பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை" என்றாள். பொய் என்றும் சொல்ல முடியாது.

அவன் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கோரமண்டல் லீகின் புதுச்சேரிச் சுற்று வந்து நின்றது. சொல்தா வீட்டு மாடியிலேயே ஆட்டம், எதிரே சென்னை டீம். ஜெயித்தால் இறுதிச் சுற்று.

"போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வாட்டி ரெண்டு பேருமா முழு வீராயியா ஆடிடலாம்டா" என்றான் பிரேம்.

"அட்டைல என் மூஞ்சி இருக்குதுடா."

"அந்த ஜெராக்ஸ்ல இருக்கறது உன் மூஞ்சியா, அம்பாசிடர் காரான்னு அதை எடுத்தவனுக்கே தெரியாது."

ஹாதிக்கு உச்சி குளிர்ந்துபோனது. அவன் வாழ்க்கையில் இவ்வளவு பெரிய சேட்டை இதுவரை வாய்க்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி செங்கல் நிறச் சட்டை, ஒரே மாதிரி தொப்பி. இடைவேளையில் பின்பக்கப் படிக்கட்டை ஒட்டிய கக்கூஸில் அட்டையைக் கைமாற்றுவது. உள்ளே போகிறவன் ஹாதி, வெளியே வருகிறவன் பிரேம்.

முதல் பாதியில் ஹாதி மூலையில் நின்றான். சென்னைக்காரர்கள் வந்தார்கள், விழுந்தார்கள். திரும்ப வந்தார்கள், திரும்ப விழுந்தார்கள். நெல்லித்தோப்பு நன்றாகவே முந்திக்கொண்டு போனது. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் ஜானகிராமன் டீ கொடுக்கிற சாக்கில் குனிந்தார். அவருக்கும் திட்டம் தெரியும்.

"மூலைல வெள்ளச் சட்ட பாத்தியா? டெக்கான் ஆளாம். கையில கேமரா வச்சிருக்கான். அவங்க பசங்க எவனாச்சும் இங்க உக்காந்தா படம் புடிச்சி அனுப்ப வந்திருக்கானாம். இளஞ்செழியன் தம்பிதான் பயந்துபோயி சொல்லிச்சி. மாட்டுனா பிரேமுக்கு அங்கயும் சீட்டு கிழிஞ்சிடும்டா."

ஹாதி டீயைக் குடிக்கவில்லை. இடைவேளை விட்டதும் எழுந்து பின்பக்கம் போனான்.

பிரேம் உள்ளே தொப்பியைச் சரியாக வைத்துக்கொண்டு, விரல்களை நெட்டி முறித்துக்கொண்டு நின்றிருந்தான். "எவ்ளோடா? ஜெயிக்கிறோமா? அட்டைய குடு, குடு."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பிரேம் என்ன செய்வான் என்பது ஹாதிக்குத் தெரியும். "புடிச்சா புடிக்கட்டும் போடா" என்று போய் உட்காருவான். நிற்கவே தெரியாதவன் இதற்கு மட்டும் நிற்கவா போகிறான்?

"நீ கெளம்பு" என்றான் ஹாதி.

"வெளாடாதடா, நேரமாவுது."

"வெளாடல. மீதியும் நானே ஆடிக்கிறேன்."

பிரேம் சிரித்தான். "நீயா? குண்டு எங்க வைக்கிறதுன்னாவது தெரியுமாடா உனக்கு?"

"இத்தினி நாளா நான் நின்னு நின்னு சேக்கறத நீ ஓடிப் போயி வாரி எறைச்சிட்டு வருவ. கைதட்டு மட்டும் தொரைக்கு. பெங்களூர் போறவனுக்கு இங்க இன்னா வேல? வீராயி நான்தான். உன் தயவுல ஜெயிச்சேன்னு ஊர்ல எவனும் சொல்லக் கூடாது."

பிரேம் காத்திருந்தான். ஹாதி எந்தப் புளுகு விட்டாலும் கடைசியில் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து காட்டிக்கொடுத்துவிடும். அது வரும் என்று அவன் முகத்தையே பார்த்தான். ஹாதி கீழே ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, பல்லைக் கடித்து அதை வரவிடாமல் வைத்திருந்தான். வந்தால் அது சிரிப்பாக வராது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

பிரேம் தொப்பியைக் கழற்றிக் குழாயில் மாட்டினான். "மனசுல இவ்ளோ வச்சிருந்தியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பின்படிக்கட்டில் இறங்கினான்.

இரண்டாம் பாதியைப் பற்றி நெல்லித்தோப்பில் யாரும் விரிவாகப் பேசுவதில்லை. தாக்கப் போக வேண்டியவன் மூலை மூலையாக நின்று காது கொடுத்துக்கொண்டிருந்தான். முந்தியிருந்த கணக்கெல்லாம் ஒவ்வொன்றாகக் கரைந்தது. கடைசிச் சுற்றில் ஹாதி ஒருத்தன்தான் உயிரோடு இருந்தான். குண்டும் அவன் கையில்தான். எதிரே ஒரே ஒருத்தன். பிரேமாக இருந்தால் பாய்ந்திருப்பான். ஹாதி, அவன் காலடிச் சத்தம் வரட்டும் என்று ஒரு சுவரோரம் நின்றான். "போடா! எதுக்குடா நிக்கிற, போ!" என்று பக்கத்தில் கத்தினார்கள். சத்தம் வரவில்லை. நேரம்தான் முடிந்தது. குண்டு கையிலேயே இருந்தது, ஆட்டம் சென்னைக்குப் போனது.

"பிரேம் எங்கடா?" என்று ஹாதியின் சட்டையைப் பிடித்தான் டீம்காரன் ஒருத்தன்.

"நான்தான் வேணாம்னேன்."

டீம்காரன் பிடித்த சட்டையை உதறிவிட்டுப் போனான். வெள்ளைச் சட்டைக்காரன் ஒரு படம்கூட எடுக்காமல் டீயைக் குடித்துவிட்டுப் படி இறங்கினான். ஹாதிக்குப் பேராசை என்று ஊர் முடிவு கட்டியது. விஷயம் தெரிந்த ஜானகிராமன் வாய் திறக்கப் பார்த்தபோது, "அவன் காதுக்குப் போச்சின்னா பொட்டிய தூக்கிக்கினு திரும்பி வந்துடுவான், கம்னு இருண்ணே" என்று ஹாதி கும்பிட்டான்.

ஆனாலும் பிரேம் திரும்பித்தான் வந்தான். அமெரிக்காவில் பேங்குகள் கவிழ்ந்த சமயம், டெக்கானோடு கைகோத்த வெளிநாட்டு லீக் கடையைக் கட்டியது. போட்டி இல்லை. ஆனால் வேறு எங்கேயும் ஆடக் கூடாது என்ற கட்டு மட்டும் அப்படியே இருந்தது. ரூமில் முதலில் சாப்பாடு நின்றது, அப்புறம் நெட் லைன் நின்றது. அதற்கு மேலும் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் பிரேம் பஸ் ஏறினான். குடக் கம்பெனி அவனைக் கான்ட்ராக்டில் எடுத்தது. அந்த சூப்பர்வைசர் இன்னும் அங்கேயே இருந்தார்.

இந்தப் பக்கமும் பெரிதாக வாழவில்லை. ஆடினவர்களே திரும்பத் திரும்ப ஆடுகிற கோரமண்டல் ஆட்டங்களைப் பார்க்க ஆள் வருவது குறைந்தது. புதுச்சேரியில் கூட்டம் இல்லை என்று லீக் நிறுத்திக்கொண்டது. ஜானகிராமன் சித்தி பெரியம்மாக்களை ஒவ்வொருத்தியாக விற்றுவிட்டு ஜெராக்ஸ் மெஷின் வாங்கிப் போட்டார்.

ஹாதி முழு நேரமும் கடையிலேயே இருந்தான். ஒரு நாள் மத்தியானம் அமுதவல்லி படியேறி வந்தாள். பின்னாலேயே பிரேம், கம்பெனிச் சட்டையோடு.

"ஹாதி கண்ணு, நல்லா இருக்கியா? வூட்டுப் பக்கமே காணோமே! இவனுக்கு ஆவணில கல்யாணம் வச்சிருக்கம்ப்பா. நல்லதா ஒரு மெத்த குடு" என்றாள். சொல்லிவிட்டுப் பாய்கள் அடுக்கியிருந்த மூலைக்குப் போய் ஒவ்வொன்றாக விரித்துப் பார்க்க ஆரம்பித்தாள்.

இரண்டு பேரும் தனியாக நின்றார்கள். இப்போது சொல்லலாம். வெள்ளைச் சட்டை, கேமரா, ஜானகிராமன் காதில் சொன்னது எல்லாவற்றையும். எச்சில் விழுங்கும் நேரத்தில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் சொன்னால் இவன் எதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவான்? பிரேமின் எந்த வேலையைக் காப்பாற்ற ஹாதி அப்படிப் பேசினானோ அந்த வேலையே இல்லாமல் போய்விட்டது. ஒன்றுமில்லாத ஒன்றுக்காகத்தான் இரண்டு பேரும் இப்படி ஆனோம் என்று தெரிந்துகொள்வதைவிட, ஒரு கெட்ட சிநேகிதனைத் திட்டிக்கொண்டு இருப்பது அவனுக்குச் சுலபம்.

பிரேம் மெத்தை ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்தான். "டேய்" என்று ஆரம்பிப்பான் என்று ஹாதியின் காது காத்துக்கொண்டிருந்தது.

"பாய், இது புதுப் பஞ்சுதானுங்களா?" என்று கேட்டான் பிரேம்.

ஹாதி அளவு நாடாவைக் கையில் எடுத்தான்.

"புதுசுதாங்க" என்றான்.