மீனுக்குப் பொங்கிய சோறு

என் மகளுக்கு நாலு வயதில் விஷக்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்ட பிறகும் சோறு இறங்கவில்லை. எதை ஊட்டினாலும் துப்பினாள். கைகாலெல்லாம் குச்சியாகிவிட்டது. பிள்ளை பிழைப்பாளா என்ற பயத்தில், கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயில் ஆற்று மீன்களுக்கு அவள் கையாலேயே சோறு போடவைப்பதாக வேண்டிக்கொண்டேன். அறுபட்டுக் குழம்பில் கொதித்த மீனையே பொருத்தி ஆற்றில் நீந்தவிட்ட சாமி, என் பிள்ளையைக் கைவிட்டுவிடுமா?

அது வெள்ளைக்காரன் காலம். மலைக்கு ரோடு கிடையாது. நானும் என் வீட்டுக்காரரும் அவளை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு ஏறினோம். மலையில் செருப்புப் போடக்கூடாதென்று அவருக்குப் பிடிவாதம். கல் குத்தும்போதெல்லாம் அவரைத் திட்டினேன்.

கோயில் சுவரில் பழைய கல்லெழுத்து. படிக்கத் தெரியாமல் விரலால் தடவிக்கொண்டே நின்றார்.

"நமக்கு முந்தி எத்தன பேரு அழுதுக்கிட்டு வந்தாங்களோ" என்றார். அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

அங்கே மீனுக்குப் போட்ட பிறகுதான் சாமிக்குப் படையல். அதற்கும் பிறகுதான் நாம் வாயில் வைக்கலாம். ஆற்றங்கரையிலேயே வெல்லச்சோறு பொங்கினேன். ஆனால் முந்தின நாள் மழையில் ஆறு கலங்கி ஓடியது. ஒரு மீனும் தலைகாட்டவில்லை.

"தெளியட்டுங்க, வரும்" என்றாள், தண்ணீர் மொள்ள வந்த ஒரு மலைக்காரப் பெண். மகள் கையில் ஓர் உருண்டையைக் கொடுத்துவிட்டு நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பினால் பாதி உருண்டை அவள் வாயில்.

"அடிப்பாவி, மீனுக்கு முந்தித் தின்னுட்டியே!" என்று கையை ஓங்கிவிட்டேன். அந்தப் பெண் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உடுங்க. சாமியே ஊட்டுது. நடுவால நாம எதுக்குங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளை துப்பவில்லை, மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள். எனக்குக் கண்ணீர் பொங்கியது. பேர்கூட நான் கேட்டுக்கொள்ளாத அந்தப் பெண்ணுக்கு இன்றைக்கும் மனதுக்குள் நன்றி சொல்கிறேன்.

"அம்மா, இன்னுங்கொஞ்சம்" என்று மகள் கையை நீட்டினாள். சட்டியையே அவள் முன்னால் நகர்த்தி வைத்தேன். மீன்களுக்கு அன்றைக்கு ஒரு பருக்கைகூட மிஞ்சவில்லை.