சுவரில் முளைத்த அரசங்கன்று

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டைமாடியில் நான்கு பேர் நின்றோம்: நான், என் மனைவி, கீழே குடியிருந்த வீட்டுக்காரர், அவர் கூட்டிவந்த மேஸ்திரி. இல்லாதது எங்கள் குழந்தை. மூன்று மாதங்களுக்கு முன், ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோயிருந்தது.

செகந்திராபாத் பக்கம் லோத்குண்டாவில், அந்த மொட்டைமாடியிலேயே ஒரு போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் மனைவி பேசுவதையே நிறுத்தியிருந்தாள். ஒரு சாயங்காலம் கைப்பிடிச் சுவரின் விரிசலில் முளைத்திருந்த அரசங்கன்றைக் காட்டி, "மண்ணே இல்லாத இடத்துல இது எப்படிங்க வந்துச்சு?" என்றாள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். யாராவது கேட்டுவிட்டால் தெரிந்ததையெல்லாம் கொட்டிவிடுவேன். அவள் வாய் திறந்தாளே என்ற சந்தோஷம் வேறு. அரசம்பழத்துக்குள் கடுகைவிடச் சின்னதாக நிறைய விதைகள் இருக்கும், மைனா தின்றால் அதன் வயிற்றில் செரிக்காமல் எச்சத்தோடு வந்து விழும், விரிசலில் கொஞ்சம் ஈரம் கிடைத்தால் போதும் என்று விளக்கினேன்.

"வயித்துக்குள்ள போயும் சாகலையா?" என்றாள். இலையை விரலால் தொட்டுக்கொண்டே, "இதுக்கு மட்டும் தங்குது, பாருங்க."

மறுநாளிலிருந்து அரிசி கழுவிய தண்ணீரை அந்த விரிசலில் ஊற்ற ஆரம்பித்தாள். கச்சிபௌலியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் நான் வந்து இறங்கியதும், இன்று இரண்டு இலை என்பாள். நான் தடுக்கவில்லை. தண்ணீர் எங்கே போகிறது என்றும் யோசிக்கவில்லை.

"கைக்கும்மா சுவத்துக்குத் தினம் தண்ணி? கீழ எங்க சீலிங் பூரா ஊறிப்போச்சு," என்றார் வீட்டுக்காரர் அந்த ஞாயிற்றுக்கிழமை. மூன்று தலைமுறையாக அந்தப் பக்கமே வாழ்கிற தமிழர் அவர்; ஏன் என்பதற்கு அங்கத்து உருதுவில் 'கைக்கு' என்பார்.

கன்றைப் பார்த்ததும் மேஸ்திரி கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அரசமரத்துக்கு முதல் வெட்டை வீட்டு ஆள்தான் போடவேண்டும், பிறகுதான் தொடுவேன் என்று தெலுங்கில் சொன்னார்.

"எனக்கு நக்கோ," என்று வீட்டுக்காரர் பின்வாங்கினார். "மருமக முழுகாம இருக்கா. இந்த நேரத்துல எங்க கை படக்கூடாது. நீங்க போடுங்க தம்பி. உங்க வீட்லதான் அது ஒண்ணும் இல்லியே."

மனதில் கெடுதல் வைத்து அவர் சொல்லவில்லை. நான் கத்தியை எடுத்தேன். தண்டு என் விரல் கனம்கூட இல்லை.

"எங்க வீட்லயும் கூடாதுங்க," என்றாள் மனைவி. "எனக்கும் நாள் தள்ளிப்போயிருக்கு."

"ஹவ்? நிஜமாவா? அடடே, மொதல்லயே சொல்ல வேணாமா! விடுங்க தம்பி, ரெண்டு பிரசவமும் ஆகட்டும்." மேஸ்திரியும் நிம்மதியாக இறங்கிப் போனார்.

அவர்கள் போனதும் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே, "பொய்ங்க. வேற என்ன சொல்றதுன்னு தெரியல," என்றாள்.

அதன்பிறகு இல்லாத பிள்ளையோடு குடித்தனம் நடத்தினோம். வீட்டுக்காரர் மனைவி மாங்காயும் புளிசாதமும் கொடுத்தனுப்புவார். மருமகள் படிக்கட்டிலிருந்து, "அக்கா, உங்களுக்கு அசையுதா?" என்பாள். "லேசா," என்பாள் இவள். புடவையைத் தளர்த்திக் கட்ட ஆரம்பித்தாள். யாரும் பார்க்காதபோதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டே படியேறினாள். ஒருநாள் ஆபீசில், இது எத்தனையாவது மாதம் என்று நானே விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்தினேன்.

மழை பிடித்தபோது வேர் உள்ளே இறங்கி, கீழ் ஹாலில் சீலிங் பூச்சு பெயர்ந்து விழுந்தது. அதற்குக்கூட அவர்கள் எங்களைத் திட்டவில்லை. மாறாக வீட்டுக்காரர் மனைவி மேலே வந்து, "வளைகாப்பு ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல வச்சிடலாம்மா," என்று என் மனைவியின் வயிற்றுப் பக்கம் கையைக் கொண்டுபோனார். இவள் சட்டென்று விலகிக்கொண்டாள்.

அந்த வாரமே, பிரசவத்துக்கு ஊருக்குப் போகிறோம் என்று சொல்லி வீட்டைக் காலி செய்தோம். அட்வான்ஸ் பதினைந்தாயிரத்தில் சீலிங் வேலைக்குப் பதினான்காயிரத்து ஐந்நூறு பிடித்துக்கொண்டு, மீதி ஐந்நூறை என் மனைவியின் கையில் வைத்தார் வீட்டுக்காரர். "கொளந்தைக்கு ஒரு சட்டை வாங்குங்க."

வழியில் முதலில் வந்த கோயில் உண்டியலில் அதை அவள் போட்டுவிட்டாள். ஆக, அந்தக் கன்றுக்கு ஆனது பதினைந்தாயிரம்.