ஏவிஸ் பர்னெலின் இடது கால்

ஏவிஸ் பர்னெல் முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறுவாரமே செவர்ன் ஆற்று முகத்துவாரத்தின் சேற்றில் இறங்கிவிட்டார். பிந்தி ஓடிவருகிறவருக்காகப் பேருந்தை ஒரு நிமிடம் நிறுத்தலாம், கடலை நிறுத்த முடியாது என்பார். அதனால் எங்கள் தொல்பொருள் குழுவில் விசில் அவர் கழுத்தில்தான் தொங்கும். நீர் ஏறும் நேரத்தில் அது ஒலித்ததும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கரையேற வேண்டும், பேராசிரியரானாலும் சரி.

நீர் வற்றும்போது எங்கள் கரையில் ஏழாயிரம் வருடத்துச் சேற்றுப் படுகை தலைகாட்டும். புயல் மேல்மண்ணை அரித்துக்கொண்டு போன நாட்களில் அதில் பழைய காலடித் தடங்கள் தெரியும். அப்பளத்தை அடுக்கி வைத்தது போன்ற சேறு அது, பூட்ஸ் பட்டால் நொறுங்கிவிடும். ஆகவே மார்ச் குளிரிலும் வெறுங்கால்தான் என்பது ஏவிஸ் போட்ட சட்டம். நாய்க்கு அனுமதி இல்லை என்பது இன்னொரு சட்டம். என் ஸ்பேனியல் நாய் மஃபினை மனதில் வைத்துத்தான் அதைப் போட்டார். தடம் கிடைத்தால் அதன் மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து, பேனாவால் வரைந்து எடுத்துக்கொள்வோம். கடல் இன்னும் சில முறை ஏறி இறங்கினால் தடம் கரைந்து போகும், தாள் மட்டும்தான் மிஞ்சும்.

பன்னிரண்டு வருடத்தில் ஏவிஸ் மான் குளம்பு கண்டுபிடித்தார், கொக்கின் கால் கண்டுபிடித்தார். மனிதக் கால் மட்டும் அகப்படவே இல்லை. நாலு மைல் தள்ளியிருந்த ஊர்க்காரர்களுக்கோ ஒரு குடும்பத்தின் தடங்களே கிடைத்திருந்தன. ஏவிஸ் அந்த ஊர்ப் பேரைக் கேட்டால் டீயை மட்டும் கொஞ்சம் வேகமாகக் கலக்குவார்.

போன மார்ச்சில்தான் அவருக்கு அதிர்ஷ்டம் அடித்தது. புயல் ஓய்ந்த மறுநாள், பஞ்சால் சேற்றைத் துடைத்துக்கொண்டே போனவர் ஒரு குதிகாலைக் கண்டார். தொடர்ந்து துடைக்கத் துடைக்கப் பதினொரு தடங்கள் வந்தன. என்னைக் கூப்பிடக் குரல் வராமல் விசிலை ஊதினார். நான் தண்ணீர் வந்துவிட்டதென்று பதறிக் கரையை நோக்கி ஓடினேன்.

அடுத்த நாள் பேராசிரியர் ராசலின் ட்வெடில் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தார். மண்டியிட்டு ஒவ்வொரு தடமாக அளந்து, தாளில் வரைந்தெடுத்தார்.

"இடது கால் மட்டும் ஆழமா பதிஞ்சிருக்கு பாருங்க. இடுப்புல எதையோ சுமந்துக்கிட்டு வேகமா நடந்திருக்காங்க. பெண்ணாத்தான் இருக்கணும். குழந்தையா இருக்கலாம், சுமந்தது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏவிஸ் மட்டும் தடங்கள் போன திசையைப் பார்த்தார். நேர் எதிரே கரையில், நாங்கள் வழக்கமாகக் கார் நிறுத்தும் இடம் தெரிந்தது. நீர் ஏற இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், சாட்சியைக் கடலே கலைத்துவிடும், பன்னிரண்டு வருட ஆசை அவர் பேரில் தாளில் நிற்கும்.

அவர் இடது காலைத் தூக்கித் தடத்துக்குள் வைத்தார். சட்டம் போட்டவரே சட்டத்தை மீறுகிறாரே என்று நான் திடுக்கிட்டேன். கால் கச்சிதமாகப் பொருந்தியது.

"குழந்தை இல்ல கண்ணு," என்றார் பேராசிரியரிடம். யாராக இருந்தாலும் அவருக்குக் கண்ணுதான். "ஒரு ஸ்பேனியல். ஊர்ப்பட்ட கனம். வழி பூரா திமிறிக்கிட்டே வந்தான்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று வாரத்துக்கு முன் ஒரு பனிமூட்ட நாளில், எல்லாரும் கரையேறிய பிறகு மஃபின் கார் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடிவிட்டான். நான் ஒரு பக்கமாகத் தேடிப் போனேன். திரும்பி வந்தபோது உடம்பெல்லாம் சேறாகக் கார் அருகே நின்றான், பக்கத்தில் ஏவிஸ். பனியில் தான் போன இடம் எதுவென்று அவருக்கே தெரிந்திருக்கவில்லை. தடங்கள் மேல் புதுச்சேறு படிந்து, புயல் அதை அலசிவிட்டிருக்கிறது. பூட்ஸ் போட்டிருந்தால் யாரும் ஏமாந்திருக்க மாட்டோம்.

"அவனாவே வந்துட்டான்னு சொன்னீங்களே," என்றேன்.

"பின்ன என்ன சொல்றது? தண்ணி அவன் கழுத்துக்கு வந்திருச்சு, லென். சொன்னா நீ ராத்திரி தூங்குவியா?"

பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, தாளைச் சுருட்டிக் குப்பைப் பையில் போடப் போனார். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏவிஸ் நேரம் பார்த்து விசில் ஊதினார்.

மனிதக் காலை அவர் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார். அந்தத் தாள் என் சமையலறையில், மஃபினின் சோற்றுக் கிண்ணத்துக்கு மேலே தொங்குகிறது. எங்கள் வழக்கப்படி அதன் மூலையில் குறிப்பு எழுதினேன்: பெண், வயது எழுபத்திரண்டு, கரையை நோக்கி வேகமாக, இடுப்பில் சுமையுடன். பேராசிரியர் சொன்னதில் பெரிதாக ஒன்றும் தப்பில்லை.