சனிக்கிழமை நத்தார்

விமலாதேவி அக்காவோடு இறைச்சி வாங்கப் போவதற்குத் தனிப் பொறுமை வேண்டும். எனக்கு அது கிடையாது. முகர்ந்து பார்ப்பார், விரலால் அழுத்திப் பார்ப்பார், வேண்டாம் என்று நடப்பார், திரும்பி வந்து மறுபடி முகர்வார். கோலசிலாங்கூர் சந்தையில் கடை வைத்திருந்த ஜக்கரியா பாய் அக்காவைக் கண்டதுமே கத்தியைக் கீழே வைத்துவிடுவார். எப்படியும் நேரமாகும் என்று அவருக்குத் தெரியும்.

அந்த 1985 கிறிஸ்துமஸுக்கு, அக்கா பேச்சில் நத்தாருக்கு, அவர் கேட்டது ஆடு அல்ல, செம்மறிக் குட்டி.

"சாப்பிடப் போறவருக்குப் பல்லு சரியில்லை, பாய். மெத்தெண்டு இருக்கவேணும்."

"அப்ப கம்பத்து நாட்டாடு வேணாம் கிராணியம்மா. இந்தத் தொடைய எடுத்துக்கிட்டுப் போங்க. ஐஸ்ல வந்ததுதான், ஆனா பஞ்சாட்டம் வெந்துடும்."

பல் சரியில்லாத அந்த ஆள் அக்காவின் சொந்த அண்ணன் கனகலிங்கம். பள்ளிக்கூடத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், புக்கிட் பெலிம்பிங்கில் தனியாக இருந்தார். பஸ் ஏறினால் வந்துவிடும் தூரம்தான். ஆனாலும் அக்காவுக்குக் கல்யாணமான பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் தங்கை வீட்டு வாசலை மிதித்ததில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து மலேயா வந்த சைவக் குடும்பத்துப் பெண், எங்கள் தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஆனந்தராஜாவை விரும்பி, கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிக் கட்டிக்கொண்டது அவருக்குப் பொறுக்கவில்லை. நவம்பரில் ஒரு சாவு வீட்டில் இருவரும் எதிரெதிரே நிற்க நேர்ந்தபோது, அக்கா துணிந்து, "நத்தாருக்கு வீட்டை வாங்கோ அண்ணை" என்று கேட்டுவிட்டார். அவரும் "வாறன்" என்றார். அன்றிலிருந்து அக்காவுக்குத் தூக்கம் போயிற்று.

நான் பக்கத்து வீடு, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசரின் மனைவி. கிறிஸ்துமஸ் காலையில் போனபோது அக்கா தேவாலயத்துக்குப் போய்வந்த சேலையோடு அடுப்படியில் நின்றார். தொடையைத் துண்டு போட்டு, வாடை போகக் கொழுப்பை வழித்தெறிந்து, மஞ்சளும் தேசிக்காய்ப் புளியும் தடவி ஊறவைத்து, வறுத்த தூளில் பிரட்டலாக இறக்கியிருந்தார். ரம்பை இலை வாசம் என் வீட்டுக் கொல்லை வரை வந்தது. அவர் முகத்தில் மட்டும் பண்டிகை இல்லை. மூடியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் மனத்தை லேசாக்கலாம் என்று ஏதோ பேசப்போய்த்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"எனக்கும் வேலை கெடக்குக்கா. நாளன்னிக்குத் திருவாதிரை, களி கிண்டணும் லா."

அக்காவின் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது.

"வெள்ளிக்கிழமையோ திருவாதிரை?"

"ஆமா. என்னக்கா?"

"அண்ணை திருவாதிரைக்கு முந்தின பத்து நாளும் மச்சம் மாமிசம் தொடமாட்டார், இராஜம். நானும் அந்த வீட்டில பிறந்து அந்த விரதம் பிடிச்சவள்தானே. எப்பிடி மறந்தனான்?"

எப்படி மறக்காது? அக்கா வீட்டுச் சுவரில் தேவாலயத்துக் காலண்டர் மட்டும்தான் தொங்கியது. அதில் எந்தத் திருவாதிரையைப் போட்டிருப்பார்கள்?

அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அவருக்குத் தெரியும்தானே. தெரிஞ்சுதான் ஓம் எண்டிருக்கிறார். வந்து இருந்து, விரதம் எண்டு சொல்லி, கை நனைக்காமல் எழும்பிப் போகப் போறார். ஆரும் அவரிலை குறை சொல்ல ஏலாது."

எனக்கு அந்தக் கிழவர் மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோபத்தால் சோறு வேகாதே. அக்கா வீட்டுச் சட்டி எல்லாமே மச்சச் சட்டி. தைப்பொங்கலுக்கு வாங்கி வைத்திருந்த புதுப் பானை என்னிடம் இருந்தது. அதை என் அடுப்பில் ஏற்றினேன். அக்கா என் சமையலறையில் நின்று சோறும் பருப்பும் கத்தரிக்காயும் ஆக்கினார். பருப்பு இரண்டு தடவை பொங்கி வழிந்தது. நான் அடுப்பைத் துடைத்தேன்.

பகல் பஸ்ஸில் கனகலிங்கம் வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். ஆனந்தராஜா எழுந்து நின்று, "வாங்கோ" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டார். வீடு முழுக்க இறைச்சி வாசம். ஒளிக்கவா முடியும்? அக்கா மேசையின் ஒரு ஓரத்தில் தனியாக வாழையிலை போட்டு, புதுப் பானைச் சோற்றை வைத்தார்.

அவர் இலையைப் பார்த்தார், பானையைப் பார்த்தார். கை இலைக்குப் போகவில்லை.

"இது எங்கை சமைச்சனீ?"

"இராஜம் வீட்டில அண்ணை. புதுப் பானை. ஒண்டும் படேல்லை."

"ஏன், உன்ர வீட்டு அடுப்புக்கு என்ன?"

அக்கா என்னைப் பார்த்தார். கேட்டுவிட்டது நான்தான். "விரதத்துல வருவீங்கன்னு இவங்களுக்குத் தெரியாதுங்க. வேற நாள்ல வந்திருக்கலாமில்ல?"

கிழவர் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. தங்கையிடம்தான் சொன்னார்.

"நீ நத்தாருக்கு வரச்சொல்லிக் கேட்டனீ. வேறை நாளில வந்தால் அது நத்தாரோ? உன்ர வீட்டுச் சோறு தின்னத்தான் வந்தனான். பக்கத்து வீட்டுச் சோறு தின்ன இல்லை."

அக்கா அழுதார். ஆனந்தராஜா எழுந்து உள்ளே போய், அவர்கள் வீட்டுச் சட்டியில் இருந்த வெறும் சோற்றை எடுத்து வந்து, கேட்காமலே இலையில் வைத்தார். அந்தச் சட்டியில் என்னவெல்லாம் வெந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். கனகலிங்கத்துக்கும் தெரியாமலா இருக்கும்? அவர் கை நனைத்தார். அந்தச் சோற்றில் பருப்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். மற்ற இருவரும் அதையே சாப்பிட்டார்கள். பிரட்டல் மூடியபடியே அடுப்பில் இருந்தது.

எழும்பும்போது சொன்னார்: "அதை எடுத்துவை. சனிக்கிழமை வாறன்."

நான் நம்பவில்லை. சனிக்கிழமை பஸ் சத்தம் கேட்டதும் ஜன்னலுக்கு ஓடியவளும் நான்தான். அதே வேட்டி, அதே திருநீறு. அக்கா சூடுகாட்டி வைத்த துண்டை அவர் கடைவாயில் ஒதுக்கி மெல்ல மென்றார். பாய் சொன்னது சரிதான், பஞ்சாக வெந்திருந்தது. நாங்கள் எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உப்புக் குறைவு, பிள்ளை."

பதினோரு வருஷத்துக்குப் பிறகு அண்ணன் சொன்ன முதல் குறை. அக்கா உப்பெடுக்க அடுப்படிக்குப் போனார். வெகுநேரம் வரவில்லை. கடைசியில் உப்பை நான்தான் கொண்டுவந்து வைத்தேன்.