டிராக்டருக்கு மூன்று நாள் ஓய்வு

எங்கள் வீட்டில் பொய் சொல்லும் பழக்கம் யாருக்கும் கிடையாது. பெரியப்பா சொன்ன ஒரே பொய்யைப் பிடித்துக் கொடுக்கும் பெருமை எனக்கு வாய்த்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. தொண்ணூறுகளின் தொடக்கம்.

வங்காளத்தில், டாக்குரியாவில் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். பெரியப்பா, ரயிலில் அரை மணி தெற்கே இருந்த காய்கறிப் பண்ணையில் டிராக்டர் ஓட்டினார். ஐம்பத்தேழு வயது. அந்த வருஷம் இன்னொரு டிரைவர் மஞ்சள் காமாலையில் படுத்துவிட, காலிஃபிளவருக்கு நிலம் உழும் வேலை முழுதும் இவர் தலையில் விழுந்தது. விடியுமுன் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். சோறு பிசைந்த கை தட்டிலேயே நின்றுவிடும். பெரியம்மா தோளைத் தொட்டால், "யோசனையா இருந்தேன்" என்பார். அவரைப் பெரிய யோசனைக்காரர் என்றே நினைத்திருந்தேன்.

விஸ்வகர்மா பூஜையன்று என்னையும் பண்ணைக்குக் கூட்டிப்போனார். அன்றைக்கு அந்த ஊரில் யாரும் இயந்திரத்தைத் தொடமாட்டார்கள். டிராக்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்தாயிற்று. கிச்சடி சாப்பிடும்போது மேலாளரிடம் மெல்ல ஆரம்பித்தார்.

"எங்க மதராஸ் வழக்கம் பாபு, பொட்டு வெச்ச வண்டிய மூணு நாள் எடுக்கக் கூடாது."

மேலாளர் என் பக்கம் திரும்பினார். "அப்படியா மா? உங்க வீட்டுலயும் அப்படித்தானா?"

நாலாம் வகுப்போடு நின்றவள்தான் நான். ஆனால் வங்காளம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. கணீரென்று சொன்னேன்: "இல்ல காக்கு, மறுநாள் காலையிலயே எடுத்துரலாம். எங்க அருவாமனை, தையல் மிஷின் எல்லாம் அப்படித்தான்."

மேலாளர் என் கையில் ஒரு சந்தேஷ் இனிப்பை வைத்து, பெரியப்பாவை அண்ணன் முறையில் சீண்டினார். "பாத்தீங்களா தாதா, பொண்ணே மாட்டி விட்டுட்டா." பெரியப்பாவும் சிரித்தார். திரும்பும் ரயிலில் கம்பியைப் பிடித்து நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, வயல் கோடியில் திரும்ப வேண்டிய டிராக்டர் நேரே போய்க் குளத்தில் இறங்கியது. இவர் கரையில் விழுந்ததால் தோள் எலும்பு முறிந்ததோடு போயிற்று.

"உக்காந்தபடியே தூங்கிட்டார் பௌதி. கலப்பைப் பக்கம் விழுந்திருந்தா ஆளே இல்ல" என்று, கொண்டுவந்து விட்டவர்கள் அண்ணி முறை வைத்துப் பெரியம்மாவிடம் சொன்னார்கள்.

எனக்கு விஷயம் தெளிவாக விளங்கியது. பொய்க்கு விஸ்வகர்மா தண்டனை கொடுத்துவிட்டார். கட்டுப் போட்டுப் படுத்திருந்தவரிடம் போய் நின்றேன்.

"இனிமே சாமி விஷயத்துல பொய் சொல்லாதீங்க பெரியப்பா."

"சரிம்மா" என்றார். சொல்லி முடிப்பதற்குள் குறட்டை வந்துவிட்டது.

பெரியம்மா என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். தெருப்பக்க ஜன்னலில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டு ஆண்பிள்ளை பட்டப்பகலில் வாயைப் பிளந்து தூங்குவதை ஊர் பார்க்கிறதே என்று எனக்கு மானம் போயிற்று. தெருவுக்கு ஓடிப்போய் வெளியிலிருந்தே ஜன்னலையும் சாத்தினேன்.